எழுபத்தொரு கிளாஸ்

டெஸ்ட் தேதிதானுங்க்கா கேட்டீங்க? சொல்றேன். மொதல்ல கிளட்ச்ச முழுசா மிதிங்க, ஃபர்ஸ்ட் போடுங்க, மெதுவா விடுங்க. ஆங், போலாம். நேரா நசியனூர் ரோட்லயே போங்க, ஞாயித்துக்கெழம காலைல அங்கதான் வண்டி கம்மி. பயப்படாதீங்க, என்ற பக்கமும் கிளட்ச், பிரேக் ரெண்டும் இருக்குது. நீங்க மறந்தாலும் நான் மிதிச்சுருவேன். மூணு வருசத்துல இந்த வண்டி ஒரு கோழியக்கூட தொட்டதில்ல.

தேதி எல்லாருக்குமே அவசரம்தான். இருவது கிளாஸ் முடிஞ்ச மறுநாளே வந்து நின்னுக்குவாங்க, டெஸ்ட் எப்ப மேடம்னு. உங்கள சொல்லலீங்க்கா. உங்களுக்கு முப்பத்திநாலு கிளாஸ்தான ஆகுது. ஒருத்தனுக்கு நான் எழுபத்தொரு கிளாஸ் எடுத்தேன். இருவதுக்கு மேல எல்லாம் ஓசி. எழுபத்தொண்ணு! இந்த ஈரோட்டுல எந்த டிரைவிங் ஸ்கூல்லயாவது அப்படி அக்கறையா சொல்லிக் குடுத்திருக்காங்களான்னு நீங்களே விசாரிச்சுப் பாருங்க. அதுக்கு எனக்குக் கெடச்ச மரியாதையக் கேட்டீங்கன்னா ஸ்டியரிங்கவே விட்டுருவீங்க. விட்றாதீங்க.

பேரு பூபதி. மாட்டு மருந்துக் கம்பெனில ரெப். போன ஆடில வந்து சேந்தான். ஆடி மாசம் எங்க ஸ்கூலுக்கு ஆளே வராது, புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டாங்க நம்ம சனங்க. இவன் மட்டும் வந்தான். எங்க ஓனர் சென்னியப்பண்ணன்கூட, "பொழைக்கத் தெரிஞ்ச பையம்மா, நல்லா சொல்லிக் குடு"ன்னாரு. நானும் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தேன். காலைல ஆறரை மணிக்கு மொத கிளாஸ் அவனுது. ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. அதிர்ந்து பேசறதில்ல. வண்டி ஆஃப் ஆயிட்டா மத்தவங்களாட்ட வண்டியத் திட்ட மாட்டான், சிரிச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுவான். இந்த மாதிரி ஆளுங்கதானுங்க்கா ஆபத்து. திட்டறவன் மனசுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுரும். சிரிக்கறவன்கிட்ட என்னத்தக் கண்டுபுடிக்கறது?

பதினாறாவது கிளாஸ்ல திண்டல் மேட்டுல வண்டிய நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னேன். பின்னால ஒரு அடி நகரக்கூடாது. சுத்தமா எடுத்தான். எடுத்துட்டு, ரோட்டப் பாத்துக்கிட்டே, நாளைக்கு வரப்ப உங்களுக்கும் ஒரு டீ வாங்கிட்டு வரட்டுமா மேடம்னான். அவ்வளவுதான். எனக்கு இருவத்தாறு வயசு. எத்தனையோ பேரு இந்த சீட்ல உக்காந்து என்னென்னமோ பேசியிருக்காங்க. ஒரு டீக்கு விழுந்தேன். புரட்டாசி முடியறதுக்குள்ள கிளாஸ்ல வாங்க போங்க, வெளிய வா போ ஆயிருச்சு.

செகண்ட்லயே போங்க, அவசரமில்ல. மணி என்ன? ஒம்போதரை. சரி, நேரம் இருக்குது.

அவன் அப்பவே தெளிவாச் சொன்னான். பொய் சொல்லக்கூடாது. லைசென்ஸ் வந்தா தர்மபுரி ஏரியா தர்றாங்க, கம்பெனியே கார் குடுத்துரும், அந்த வேலையக் கையில வெச்சுக்கிட்டு எங்கப்பா முன்னால நின்னாத்தான் உன்னப் பத்திப் பேச முடியும்னான். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா வரிசையக் கவனிச்சுப் பாருங்க. மொதல்ல லைசென்ஸ், அப்பறம் தர்மபுரி, அப்பறம் காரு, அதுக்கப்பறம் அவங்கப்பா, கடைசில நானு. ரேஷன் கடை க்யூவுலகூட நான் இதவிட முன்னால நிப்பேன்.

நான் எதுக்கும் சந்தேகப்படற ஆளே கெடையாது.

என்ற கவலையெல்லாம் பாதுகாப்பு பத்தித்தான். இங்கிருந்து தர்மபுரி என்ன பக்கமா? தொப்பூர் மேட்டுல தெனமும் ஒரு லாரி கவுந்து கெடக்குதுங்கறாங்க. பயிற்சி முழுசா முடியாதவன எப்படீங்க அனுப்பறது? அதனால டெஸ்ட்டத் தள்ளினேன். ஐப்பசில மழ. மழைல டெஸ்ட் வேண்டாம்னேன். மார்கழில பனி. நடுவுல ஒருக்கா ஆன்லைன்ல ஸ்லாட் இல்லைன்னேன். ஸ்லாட் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. நல்ல ஸ்லாட்டா இல்ல. செவ்வாக்கெழம.

அவன் ஒவ்வொரு தடவையும் சரின்னான். கோவப்பட்டிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன், தீந்திருக்கும். சரி கோகிலா, நீ சொன்னா சரின்னான். தை மாசம் அவன் எல்எல்ஆரே காலாவதி ஆயிருச்சு. ஆறு மாசந்தானுங்க அதுக்கு ஆயுசு. நாந்தான் மறுபடி அப்ளை பண்ணிக் குடுத்தேன். அது வந்தப்பறம் இன்னும் முப்பது நாளு டெஸ்ட்டுக்குப் போக முடியாது, அது கவருமெண்டு ரூல்ஸ். கவருமெண்ட்டே சொல்லுது, பொறுமையா இருங்கன்னு. அன்னைக்கு நான் கேசரி பண்ணி எடுத்துட்டுப் போனேன். அவன் ஒரு வாய் தின்னுட்டு, "இது எதுக்குக் கோகிலா?"ன்னு கேட்டான். ஒருத்தரு சந்தோசமா இருக்கக்கூடக் காரணம் கேக்கறவன்கிட்ட என்னத்தப் பேசறது?

சென்னியப்பண்ணன் ஒரு நாள் நோட்டப் பொரட்டிட்டு, "ஏம்மா, அந்தத் தம்பி இன்னும் முடிக்கலையா, ஏரோப்ளேன் ஓட்டக் கத்துக்குதா?"ன்னாரு. அவருக்கென்ன, சும்மா உக்காந்திருக்கற மனுசன். ரிவர்ஸ் இன்னும் சரியா வரலீங்கண்ணேன்னு சொல்லிட்டேன்.

மிரரப் பாருங்க. பின்னால ஸ்கூட்டி வருது. ஹாரன் அடிக்கறது உங்களத்தான், ஓரம் குடுங்க. ஆங்.

போனு விசயமும் சொல்லணும். நான் ஒரு நாளைக்கு ஒரு பத்து, பதினாலு தடவ கூப்பிடுவேன். சாப்பிட்டயா, எங்க இருக்கற, பக்கத்துல யாரு, அவ்வளவுதான். அக்கறைங்க்கா அதெல்லாம். அவன் காலைல ஒண்ணு, பொழுதுசாய ஒண்ணு கூப்பிடுவான், டாக்டரு மாத்தர எழுதிக் குடுத்த கணக்கா. ஏன் நடுவுல போனே போகலைன்னா டவர் இல்லைங்கறான். அந்தியூருக்கு அக்கட்ட ஊர் இருக்குதாம், ஊர்ல மாடு இருக்குதாம், மாட்டு டாக்டர் இருக்காராம், டவர் மட்டும் இல்லையாமா. நம்பணுமாமா.

நான் நம்பினேன். நம்பிட்டு, அவன் சொன்ன ஊருக்கு ஒரு ஞாயித்துக்கெழம ஸ்கூட்டில போயிப் பாத்தேன். டவர் இல்லதான். ஆனா அது விசயமில்லீங்க்கா. இல்லைன்னு அவன் சொன்ன விதம் ஒரு மாதிரி இருந்துச்சு.

எங்கப்பாவும் வண்டி ஓட்டினவருதான். லாரி. எனக்கு ஒம்போது வயசு இருக்கறப்ப நாக்பூருக்கு ஆரஞ்சு ஏத்தப் போறேன்னு போனாரு. இன்னும் ஏத்திட்டிருக்காரு. அங்கயே வீடு, பொண்டாட்டி, ரெண்டு பசங்கன்னு ஒறம்பரைல, சொந்தக்காரங்க சொல்லிக்குவாங்க. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, பேச்சுவாக்குல சொல்றேன். தேர்டு போடுங்க, ரோடு காலியாத்தான இருக்குது.

அப்பத்தான் போன்ல ஒரு வீடியோ பாத்தேன். மனநல டாக்டரம்மா ஒருத்தரு, நெம்ப அழகா சொல்றாங்க. அட்டாச்மெண்ட் ஸ்டைலுன்னு ஒண்ணு இருக்குதாமா. காதலிக்கறவங்கள்ல ஒட்டிக்கிட்டே இருக்கறது ஒரு டைப்பு. கிட்ட வந்தா ஓடறது ஒரு டைப்பு. ரெண்டுமா மாறி மாறி இருக்கறது ஒண்ணு. இது எதுவுமில்லாம நிதானமா இருக்கறது ஒரு டைப்பு. இந்தக் காலத்துப் பசங்க பாதிப்பேரு சந்தோசமா இல்லாததுக்கு இதுதான் காரணமாமா. கேட்டவுடனே எனக்கு பளிச்சுன்னு ஆயிருச்சு. இவன் ஓடற டைப்பு! அச்சு அசலா அவங்க சொன்ன மாதிரியே. அமைதியா இருப்பானாம், தனியா இருந்தாப் போதும்பானாம், தேவைக்குத்தான் பேசுவானாம். பதினோரு வீடியோ அனுப்பிச்சேன். எல்லாத்தையும் பாத்துட்டு, "எதப் பாத்தாலும் எனக்கு உன் ஞாபகம்தான் வருது"ன்னு போட்டான். எவ்வளவு ஆசையாப் போட்டிருக்கான்னு அன்னைக்கு நான் சந்தோசப்பட்டேன்.

நானா? நான் நிதானமான டைப்புங்க்கா. அதுக்கு ஆன்லைன்ல டெஸ்ட்டே இருக்குது, முப்பத்தாறு கேள்வி. மொத தடவ வேற என்னமோ வந்துச்சு, நெட்வொர்க் சரியில்ல. ரெண்டாவது தடவையும் அதேதான். மூணாவது தடவ கேள்விய நல்லாப் புரிஞ்சுக்கிட்டுப் போட்டேன், நிதானம்னு வந்துருச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்.

இனி கேளுங்க. மாசி மாசம் ஒரு புதன்கெழம. மூணு பேரக் கூட்டிட்டு டெஸ்ட் கிரவுண்டுக்குப் போயிருக்கேன். பக்கத்துல வேற ஒரு ஸ்கூல் வண்டி நிக்குது. வண்டிக்குள்ள டெஸ்ட் எடுக்கற பிரேக் இன்ஸ்பெக்டரு உக்காந்திருக்காரு. ஸ்டியரிங்ல யாரு?

அவனேதான். நான் எடுத்துக் குடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை வேற.

அக்கா, வேற ஒரு பொண்ணுகூடப் பாத்திருந்தாக்கூட எனக்கு அவ்வளவு எரிஞ்சிருக்காது. வேற ஸ்கூல் வண்டி! சொல்லிக் குடுத்தவரு அறுவது வயசுப் பெரிய மனுசன், காது சரியாக் கேக்காது, கிளாஸ்ல தூங்குவாருன்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். அவருகிட்டப் போயி ஆறு கிளாஸ். இன்ஸ்பெக்டரு ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா இவன் எடுத்தான் பாருங்க, ரெண்டு கம்பத்துக்கு நடுவுல, கோடு போட்ட மாதிரி. அது நான் சொல்லிக் குடுத்த ரிவர்ஸ். பேரு வாங்கறது அந்தக் கெழவன்.

எறங்கி என்னையப் பாத்தான். ஒளியல. நேரா வந்து, பாஸ் ஆயிட்டேன் கோகிலான்னான். வாழ்த்துக்கள் சார்னேன். அதுக்கு மேல ஏதாவது பேசினா நல்லா இருக்காதுன்னு, அன்னைக்கு சாயங்காலம் மெசேஜ்ல பேசிக்கிட்டேன். ஒரு நாப்பது மெசேஜ் இருக்கும்.

அவன் அதுக்கும் சண்ட போடல. பத்து நாள்ல லைசென்ஸ் வந்துருச்சு, கம்பெனி காரும் வந்துருச்சு. வெள்ளக் காரு. சனிக்கெழம காலைல எங்க வீட்டு முன்னால கொண்டாந்து நிறுத்தி, பவானிசாகர் போயிட்டு வரலாம் வான்னான். இன்னைக்கு கிளாஸ் இல்ல, நீ சும்மா உக்காந்து வரணும், ஒண்ணும் சொல்லக்கூடாது, திரும்பி வந்ததும் நேரா எங்க வீட்டுக்குப் போறோம், அம்மாகிட்டச் சொல்லிட்டேன்னான்.

நேரா அவங்க வீட்டுக்கு. அதுக்காகத்தான எட்டு மாசமா காத்திருந்தேன். மல்லிப்பூ வெச்சுக்கிட்டேன். இந்த மாதிரியேதான் அவன் பக்கத்து சீட்ல உக்காந்தேன். உக்காந்து கீழ பாக்கறேன், கால் வெக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல. வெறும் மேட். கிளட்ச் இல்ல, பிரேக் இல்ல. மூணு வருசமா நான் அந்தப் பக்கம் பெடல் கட்டையில்லாத வண்டில உக்காந்ததேயில்லீங்க்கா. மாடில கைப்பிடிச் சுவரு இல்லாம நிக்கற மாதிரி இருந்துச்சு.

ஆனா வாயத் தொறக்கலியே! சத்தியமங்கலம் ரோட்ல முப்பது கிலோமீட்டர், ஒரு வார்த்த பேசல. மேட்டத்தான் மிதிச்சுக்கிட்டு வந்தேன். அவன் நல்லாத்தான் ஓட்டினான். அதச் சொல்லணும். எனக்குக் கொற சொல்ல ஒண்ணு கெடைக்கல. அவனாப் பாக்கறான், அவனா கியர் மாத்தறான், அவனா வளைக்கறான், பாட்டுக்குத் தலைய ஆட்டிக்கிட்டு. என்னைய ஒரு தடவகூடத் திரும்பிப் பாத்து, சரியான்னு கேக்கல. கேக்கவே இல்லீங்க்கா. அப்பன்னா நான் எதுக்கு?

ஒரு கரும்பு டிராக்டர் முன்னால. அதத் தாண்டறதுக்கு இன்டிகேட்டர் போட்டு ஏறினான். எதுக்க பஸ் தூரத்துலதான் இருந்துச்சு. தூரத்துலதான். நான் ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டேன்.

வண்டி அப்படியே சுத்தி ரோட்டுக்குக் குறுக்க நின்னுருச்சு. டிராக்டர்காரன் எப்படித்தான் நிறுத்தினானோ, கரும்புக் கட்டு ஒண்ணு சரிஞ்சு எங்க பானட் மேல விழுந்துச்சு. பஸ்ல இருந்து எறங்கி வந்து ஆளாளுக்கு அவனத் திட்டறாங்க, ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் எவன்டா லைசென்ஸ் குடுத்தான்னு. அவன் ஒருத்தர்கிட்டயும் நாந்தான் இழுத்தேன்னு சொல்லல. மாப்பு கேட்டு, கரும்புக் கட்ட எடுத்துக் குடுத்துட்டு, வண்டிய ஓரங்கட்டி ஆஃப் பண்ணினான்.

அப்பறம் சொன்னான். "நீ எனக்குக் கிளாஸ் எடுக்கல கோகிலா. என்னையப் புடிச்சு வெச்சிருந்த. எனக்கு அது ஐப்பசிலயே தெரியும்."

தெரிஞ்சும் நீ ஏன் வந்தன்னு கேட்டேன்.

"காலைல ஆறரைக்கு உன்னப் பாக்கலாம்னுதான். ஆனா எழுபத்தொரு நாள் வந்தும் நீ என்னைய நம்பல. எழுநூறு நாள் வந்தாலும் நம்புவயான்னு எனக்குத் தெரியல."

பாருங்க எப்படிப் பேசறான்னு. நான் உயிரக் காப்பாத்தியிருக்கேன், என்னையே குத்தவாளி ஆக்கறான். இதுவும் அந்த டாக்டரம்மா சொன்ன லட்சணம்தான். அன்னைக்கு அவங்க வீட்டுக்குப் போகல. எங்க வீட்ல எறக்கி விட்டுட்டு, எனக்கு யோசிக்கணும், மூணு வாரம் என்னையக் கூப்பிடாத, அது முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு நானே கூப்பிட்டு முடிவச் சொல்றேன்னு சொல்லிட்டுப் போனான்.

ஆமாங்க்கா. இன்னைக்குத்தான். மணி என்ன இப்ப?

இன்னும் அஞ்சு நிமிசம். அந்த வேப்பமரத்தடில ஓரமா நிறுத்துங்க. கிளட்ச்ச மிதிங்க, பிரேக், நியூட்ரல். ஆங். கொஞ்ச நேரம் ரெஸ்ட்டு எடுங்க, பாவம், கை வலிக்கும்.

மூணு வாரமா நான் அவனக் கூப்பிடவே இல்ல. என்ற நம்பர்ல இருந்து ஒரு தடவகூட இல்ல. போன வாரம் உங்க போன வாங்கி மெக்கானிக்குக்குப் பேசணும்னு சொன்னேன்ல, அது மெக்கானிக் இல்லீங்க்கா. மன்னிச்சுக்குங்க. பேசக்கூட இல்ல, கொரல மட்டும் கேட்டுட்டு வெச்சுரலாம்னு. அவன் ஹலோன்னான். மறுபடி ஒரு ஹலோ. அப்பறம், "இன்னும் ஒரு வாரந்தான் கோகிலா"ன்னு சொல்லி வெச்சுட்டான். ஓடறவன் அப்படிச் சொல்லுவானான்னு கேக்காதீங்க. எனக்கும் அது புரியல.

வருது. அக்கா, அவன்தான். சரியாப் பத்து மணி.

எடுக்க மாட்டேன். இருங்க, என்னையப் புடிச்சு உலுக்காதீங்க. மூணு வாரம் நான் காத்திருந்தேன், அவன் முப்பது செகண்டு காத்திருக்கட்டுமே. ஒடனே எடுத்தா போன மடில வெச்சுக்கிட்டுக் கெடந்தேன்னு நெனைப்பான். அதுவுமில்லாம, எடுத்தவுடனே வேண்டாம்னு சொல்லிட்டான்னா? எடுக்காத வரைக்கும் சொல்ல முடியாதுல்ல. மறுபடியும் கூப்பிடுவான். ஆச இருந்தா மறுபடி கூப்பிடுவான், அதுல தெரிஞ்சுரும். அஞ்சாவது ரிங்கு. ஆறு. இது நல்ல டெஸ்ட்டுங்க்கா.

நின்னுருச்சு. பாருங்க, இப்ப மறுபடி வரும்.

வரல.

ஒரு நிமிசம் ஆச்சு. பாத்தீங்களா? ஒரே ஒரு தடவ. நான் என்ன சொன்னேன், எந்த டைப்புன்னு சொன்னேன்? மெசேஜ் வந்திருக்குது. இதோ, மெசேஜ் போட்டுத் தப்பிச்சுக்கறான். நீங்களே படிங்க, எனக்கு வெளிச்சத்துல தெரியல.

சத்தமாப் படிங்க்கா.

"அம்மா உங்கூடப் பேசணும்னு பக்கத்துல உக்காந்திருந்தாங்க. இன்னைக்கு சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரலாம்னு இருந்தோம். நீ எடுக்கல. சரி கோகிலா, எனக்குப் புரிஞ்சுது."

இன்னொருக்காப் படிங்க.

அவன் வேண்டாம்னு சொல்றதுக்குக் கூப்பிடலியா? பூ வாங்கி வெச்சிருப்பாங்களாக்கா அவங்கம்மா? குடுங்க போன. நான் கூப்பிடறேன். கிளாஸ் நடந்துட்டிருந்துச்சு, வண்டி நடு ரோட்ல இருந்துச்சுன்னு சொல்றேன். நீங்களும் ஆமான்னு சொல்லுங்க. இல்ல, வேண்டாம். உண்மையே சொல்லிர்றேன். பயந்துட்டேன் பூபதின்னு சொல்றேன். ஆரம்பத்துல இருந்தே பயமாத்தான் இருந்துச்சு, எல்லாமே பயந்துதான் பண்ணேன்னு சொல்றேன். சொன்னாப் புரிஞ்சுக்குவான். அவன் எதச் சொன்னாலும் சரிங்கற ஆளு.

போகுதுக்கா. ரிங் போகுது.

மூணு. நாலு.

என்னாட்டவே அவனும் போனப் பாத்துக்கிட்டு எண்ணிட்டு உக்காந்திருப்பான். அப்படித்தான இருக்கும்? இப்ப எடுத்துருவான்.

இல்லக்கா. அவன் எண்ணற ஆளில்ல. அவனுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. டவர் இருந்து, பேசற மனசும் இருந்துச்சுன்னா மொத ரிங்லயே எடுத்துருவான்.

இது ஒம்போதாவது ரிங்கு.